சுவர் ஸ்விட்சை அணைத்தவள் நான்தான்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாவதோடு நின்றவள். மளிகைச் சாமான் லிஸ்டைத் தவிர வேறு எதையும் எழுதினதில்லை. எழுத்து கோணலாக இருக்கும், முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தே போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் போகிற இடமெல்லாம், "எங்கம்மாதான் கண்டுபிடிச்சாங்க" என்று சொல்லிக்கினு திரிகிறாள். கேட்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. நடந்தது அப்படி இல்லை. காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் வாயைத் திறக்காமல் நின்றவள் நான். அதை ஆள் முன்னால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில், கரியும் மண்ணும் போகிற பெல்ட்டை ரிப்பேர் பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகனும் மைன்ஸ்தான், பர்மனன்ட். குவார்ட்டர்ஸ் அவர் பேரில். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. இருந்தாலும் மருமகன் வீடு மருமகன் வீடுதானே. நான் ஃபேன் போடுவதற்கே யோசிப்பேன்.

மகள் கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தவள். பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அடுப்படியிலேயே போய்விட்டது. ரெண்டு வருஷமாகத்தான் மறுபடி பின்கட்டு அறையில் உட்கார்ந்து லினக்ஸ் என்று ஒன்றைப் படிக்கிறாள். கம்ப்யூட்டர் பழசு. மந்தாரக்குப்பத்தில் யாரோ ஆபீஸைக் காலி பண்ணும்போது மருமகன் வாங்கி வந்தது. ரெண்டு கம்பெனிக்குப் பேசிப் பார்த்தாள், ரெண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூணாவதாக ஒன்று வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பரீட்சை, இங்கேயே, இந்தக் கம்ப்யூட்டரிலேயே. அவர்கள் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"இதுவும் இல்லைன்னா விட்ருவேன்மா. இனிமே யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்." வியாழக்கிழமை தோசை சுட்டுக்கினே சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பரீட்சையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னும் ரெண்டு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அது ரெண்டையும் ஒன்றோடு ஒன்று பேச வைக்க வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை. "ஒரே குவார்ட்டர்ஸ்ல தட்டி வெச்சு ரெண்டு குடும்பத்தை குடி வெக்கற மாதிரிமா. அடுப்பு தனி, கதவு தனி. ஒருத்தர் வூட்ல நடக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஆனா கூரையும் கரண்டும் ஒண்ணுதான்" என்றாள். அது புரிந்தது. அப்படிக் குடி வைக்க மிஷினோட மூளையிலேயே அனுமதி இருக்கணுமாம். அந்த அனுமதியைத் திறந்துவிட உள்ளே ஒரு இடம் இருக்கிறதாம். அதைப் பல மாசத்துக்கு முன்னாலேயே திறந்து வைத்துவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தாள். நான் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற எங்கள் ஊரில் தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை. காலையில் துடைத்தால் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம், அப்படிச் சாம்பல் படியும். மேஜை, பெட்டி, ஒயர் எல்லாம் ஒரே சாம்பல். கேமராவில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், பெண்பிள்ளை இருக்கிற வீடா இது என்று தோணாதா? ஈரத்துணி எடுத்து வந்தேன்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு பழக்கம். மிக்சியைத் துடைத்தால்கூட முதலில் சுவர் ஸ்விட்சை அணைக்கணும், ப்ளக்கைப் பிடுங்கணும், பிடுங்கின ப்ளக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கணும். ஃபேன் மாட்டினால் வெளியே போய் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுவார். "ஃபியூஸ் என் பையில இருந்தாத்தான் என் உசுரு என் கையில" என்பார். பெல்ட்டில் கை வைக்கப்போன யாரோ ஒருத்தருக்கு நேர்ந்ததை அவர் கண் முன்னால் பார்த்திருக்கிறார். அதை எங்களிடம் விவரமாகச் சொன்னதே இல்லை. பழக்கத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். எனக்கும் மகளுக்கும் அது கையிலேயே ஊறிப்போனது. மருமகனுக்குச் சொல்லவே வேண்டாம், அவரும் அதே மைன்ஸ்.

அப்படித்தான் செய்தேன். கம்ப்யூட்டர் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்தேன், ப்ளக்கைப் பிடுங்கினேன், நன்றாகத் துடைத்தேன். காய்ந்ததும் திரும்பச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு ஒயர்கூட இடம் மாறவில்லை. மகளிடம் சொல்லவில்லை. அந்த அறையில் எதையும் தொடாதே என்று முன்பே ஒருதரம் சொல்லியிருந்தாள். சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தானே சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மருமகன் ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பிவிட்டார். மகள் குளித்துவிட்டு எட்டு மணிக்கு உட்கார்ந்தாள், ஒருதரம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் "ஐயோ" என்றாள். சத்தமாக இல்லை. மூச்சு விடுகிற மாதிரி.

போய் வாசற்படியில் நின்றேன். "என்னா பாப்பா?"

"உள்ள இருக்கற மிஷினு எழுந்திரிக்க மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு சொல்லுது. வியாழக்கிழமை ஓடிச்சே!"

எனக்கு முந்தின நாள் துடைத்தது ஞாபகம் வந்தது. ஈரத்துணி. தண்ணி உள்ளே போயிருக்குமோ? சொல்லிவிட வாய் எடுத்தேன். அதற்குள் அவளே, "நேத்து ராத்திரி அப்டேட் ஒண்ணு போட்டேன், அதுதான் கெடுத்திருக்கு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நானில்லை, அப்டேட்தான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த அப்டேட்டின் பின்னாலேயே பத்தரை மணி வரைக்கும் போனாள். பழையதை எடுத்துப் போட்டாள், புதியதை நீக்கினாள், கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினாள். நான் சமையலறைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சோறு பொங்கி அடுப்பு அணைந்தது. ஒரே டம்ளரை மூணுதரம் கழுவியிருப்பேன். உட்கார்ந்தால் எழுந்திரிக்கத் தோணுது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

"அம்மா, நடக்காதம்மா. நீ நடக்கறது என் காதுலயே கேக்குது" என்றாள் திரும்பாமலே.

பதினோரு மணி இருக்கும், ஒரு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். மூளைக்கு அந்தச் சக்தி இருக்கு, ஆனால் அடியில் இருக்கிற செட்டிங்கில் யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறதாம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எழுந்திரிக்கிற நேரத்தில் ஒரு பட்டனைத் தட்டித்தட்டி, அந்த செட்டிங் இருக்கிற நீலத்திரைக்குள் போனாள். திரை வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு வரி வந்து நின்றதாம், அவசரத்தில் படிக்காமல் தாண்டிவிட்டாள். நீலத்திரையில் அந்த அனுமதி மூடித்தான் இருந்தது.

"நான் தொறந்து வெச்சதை எவன் மூடினான்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். நான் கதவுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

திறந்தாள். பதிந்து வைத்தாள். அப்போது அவள் படித்த ஒரு உதவிக் குறிப்பில், செட்டிங்கை மாற்றின பிறகு சும்மா ரீஸ்டார்ட் பண்ணினால் போதாது, கரண்டே இல்லாமல் முழுசாக அணைத்துப் போடணும் என்று இருந்ததாம். முழுசாக அணைப்பது என்றால் என் வீட்டுக்காரருக்குப் பிறந்த பெண் என்ன செய்வாள்? கம்ப்யூட்டரை நிறுத்தினாள், சுவர் ஸ்விட்சை அணைத்தாள், ப்ளக்கைப் பிடுங்கி மேஜை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். நூறு வரைக்கும் எண்ணினாள். அப்படியே அவள் அப்பா மாதிரி. பிறகு போட்டாள்.

அனுமதி மூடியிருந்தது.

மறுபடி திறந்தாள், மறுபடி ப்ளக்கைப் பிடுங்கினாள், இருநூறு எண்ணினாள். மறுபடி மூடியிருந்தது. நாலுதரமோ அஞ்சுதரமோ, எனக்கு எண்ணிக்கை நினைவில்லை. லினக்ஸ் சொல்லிக்கொடுத்த சாருக்கு போன் போட்டாள். அவர், "போர்டு போயிருக்கும்மா. வேற மிஷின் இல்லையா?" என்றார். வேற மிஷினுக்கு எங்கே போவது? மகள் போனை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சும்மா உட்கார்ந்திருந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. போர்டு போனது என் ஈரத்துணியால்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? போனது திரும்பியா வரும்? இப்படியே எனக்குள் நியாயம் பேசிக்கொண்டு கொல்லைப்புறம் போய் காயாத துணியை எடுத்து மடித்தேன்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருதரம் அந்த நீலத்திரை வரும்போதும் நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, நம்பர் தெரியும். மேலே ஓரத்தில் தேதி இருந்தது. ஒண்ணாம் தேதி, ஒண்ணாம் மாசம். வருஷத்தைப் பார்த்தால், என் மகளுக்கு மாப்பிள்ளையே பார்க்க ஆரம்பிக்காத வருஷம். தினமும் காலையில் கேலண்டர் தாள் கிழிக்கிறவள் நான்தான். அன்றைக்கும் கிழித்திருந்தேன். இது தப்பாச்சே என்று தோன்றியது. கம்ப்யூட்டருக்கு வேற கேலண்டர் இருக்கும் போல, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது என்று என் மகள் சொல்வது இதைத்தான். பதினோரு மணிக்குப் பார்த்ததை மூணு மணிக்குச் சொல்வது கண்டுபிடிப்பா?

ரெண்டேகாலுக்கு மருமகன் ஷிப்ட் முடிந்து வந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"என்னா, உன் டப்பா படுத்துக்கிச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு அழுகை வருது."

"சரி சரி. முழுசா ஆஃப் பண்ணிப் பாத்தியா?"

"அஞ்சு தரம் ப்ளக்கையே புடுங்கிட்டேன்."

"ப்ளக்கைப் புடுங்கினா மட்டும் போதுமா?" என்று சொல்லிவிட்டு, மகளை இன்னொருதரம் திறந்து பதிந்து மிஷினை நிறுத்தச் சொன்னார்; யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வெளியே போனார். வீட்டில் எல்லா ஃபேனும் நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறி அடங்கியது. ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பையைத் தட்டிக்காட்டி, "இதைவிட முழுசா ஆஃப் பண்ண மைன்ஸ்ல கூட ஆளில்லை" என்றார். மகள் சிரிக்கவில்லை. வேர்வை வழிய மூணு பேரும் அஞ்சு நிமிஷம் அந்த அறையின் அரையிருட்டில் நின்றோம். இந்த டவுன்ஷிப்பில் கரண்ட் போகிறதே அபூர்வம். காடாம்புலியூரில் என் அக்கா வீட்டில் ஒரு நாளைக்கு ரெண்டுதரம் போகும். இங்கே நாமே போய்ப் பிடுங்கினால்தான் உண்டு.

மருமகன் போய் ஃபியூஸைப் போட்டதும், மகள் மறுபடி நீலத்திரைக்குள் போனாள். மூடியிருந்தது.

மணி மூணு அடிக்கப் போகிறது. மகள் எழுந்து, "அவங்களுக்கு போன் பண்ணி என்னால முடியலைன்னு சொல்லிடறேன்" என்றாள். போனைத் தேடினாள். போன் அவள் கையிலேயேதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. அதுவும் சரியாக வரவில்லை.

"பாப்பா, நேத்து நான் அந்த ஸ்விட்சை அணைச்சேன்."

ரெண்டு பேரும் திரும்பினார்கள். மருமகன் முன்னால் இவ்வளவு சத்தமாக நான் பேசினதே இல்லை.

"துடைக்கறதுக்கு. ப்ளக்கைப் புடுங்கிட்டுத்தான் துடைச்சேன். தண்ணி போயிருக்குமோன்னு காலையிலேருந்து..."

"காலையிலேருந்து சொல்லாம இருந்தியா?"

பேச்சை மாற்றத்தான் திரையைக் காட்டினேன். அதுதான் உண்மை, சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. "அதுல தேதி வேற தப்பா இருக்கு. மணி பாரு, சைபர் சைபர் போட்டு ரெண்டு நிமிஷம்தான் ஆயிருக்கு."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேட்டரி" என்றாள்.

"எந்த பேட்டரி?" என்றார் மருமகன்.

"உள்ள ரூபாய்க்காசு மாதிரி ஒண்ணு இருக்கும். கரண்ட் இல்லாதப்ப தேதியையும் நான் வெச்ச செட்டிங்கையும் அதுதான் ஞாபகம் வெச்சிருக்கணும். அது செத்துப்போயிருக்கு. காலையில நான் படிக்காம தாண்டின வரி இதைத்தான் சொல்லியிருக்கும். ஸ்விட்சை அணைச்சா எல்லாத்தையும் மறந்துடுது. இத்தனை நாள் சுவர்ல கரண்ட் இருந்துக்கினே இருந்ததால நமக்குத் தெரியலை. நேத்து அம்மா அணைச்சாங்க, மறந்துடுச்சு. இன்னிக்கு நான் தொறந்து தொறந்து வெச்சேன், தொறந்ததும் நானே ப்ளக்கைப் புடுங்கிப் புடுங்கி மறக்கடிச்சேன்." மருமகனைப் பார்த்தாள். "நீங்க ஃபியூஸையே புடுங்கினீங்க."

மருமகன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஃபியூஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பது போல.

திரும்ப அனுமதியைத் திறந்தாள். பதிந்தாள். இந்தத் தரம் கம்ப்யூட்டரை மட்டும் அதன் பட்டனால் நிறுத்தினாள். கை தானாகச் சுவர்ப் பக்கம் போனது, நான் பார்த்தேன். பாதியில் நிறுத்திக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெட்டி அணைந்திருந்தது, ஆனால் மவுசின் அடியில் சிவப்பு வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கொஞ்சூண்டு கரண்ட் போதுமாம். பத்து வரைக்கும் எண்ணிவிட்டுப் போட்டாள்.

உள்ளே இருந்த மிஷின் எழுந்தது. இன்னொன்றும் எழுந்தது. ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொன்னது, வரி வரியாக. மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மணி மூணேகால்.

"மந்தாரக்குப்பம் போய் அந்த பேட்டரியை வாங்கியாந்துடட்டுமா? வாட்ச் கடையில இருக்கும்" என்றார் மருமகன்.

"இப்ப மாத்தணும்னா மறுபடி ப்ளக்கைப் புடுங்கணும். வேணாம்ங்க. யாரும் எதையும் தொடாதீங்க. ஆறு மணி வரைக்கும் இந்த ஸ்விட்ச் பக்கம் யாரும் போகக்கூடாது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. எழுந்து போய் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து கொண்டுவந்த ஒரு தகரத் துண்டு அதில் இருக்கிறது. சிவப்புப் பெயிண்ட், ஒரு மூலை நசுங்கினது. ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்ச் போடாதே என்று எழுதியிருக்கும். ஆகாது என்று தூக்கிப் போட்டதை எடுத்து வந்தாராம். அதைக் கயிற்றோடு அந்தச் சுவர் ஸ்விட்சுக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டினேன்.

மருமகன் படித்துவிட்டுச் சிரித்தார். "அத்தை, இது போடாதேன்னு சொல்லுது. நமக்கு அணைக்காதேன்னு இல்ல வேணும்?"

"இருக்கறது மூணு பேருங்க மாப்ள. மூணு பேருக்கும் அர்த்தம் தெரியும்."

மருமகனிடம் நான் எதிர்வார்த்தை பேசினது அதுதான் முதல்தரம். அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

நாலு மணிக்கு மகள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கேமராவில் வேறு ஆள் தெரியக்கூடாதாம். எனக்கு அறைக்குள் இடமில்லை. நான் வெளியே, ஃபியூஸ் இருக்கிற பெட்டியின் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மருமகன் சாப்பிட உள்ளே கூப்பிட்டார், போகவில்லை. நடுவில் ஒருதரம் பக்கத்து வீட்டு டியூப்லைட் மினுக்கியது. எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. தூரத்தில் கரண்ட் எடுக்கிற இடத்தின் புகைக்கூண்டு வழக்கம்போல் புகைத்துக்கொண்டிருந்தது. ரெண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தாமல் எரி சாமி என்று அதைப் பார்த்தே வேண்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மேல் கதவு திறந்தது. முகம் வெளுத்திருந்தது. "முடிச்சுட்டேன்மா. ரெண்டும் பேசிச்சு" என்றாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அடுத்த தரம் உடனே சொல்லு. திட்டினா திட்டிட்டுப் போறேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாள் மருமகன் அந்தக் காசு பேட்டரியை வாங்கி வந்து மாட்டினார். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். வேலை கிடைத்துவிட்டது. சொல்லக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டார்கள், எத்தனை நாள் என்று மறந்துவிட்டேன். இப்போது அதே அறையில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். நான் துடைப்பதற்கு முன்னால் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத் துடைக்கிறேன். தகரம் இன்னும் அந்த ஆணியிலேயே தொங்குகிறது, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இதுதான் நடந்தது. நான் கண்டுபிடிக்கவில்லை, ஒளித்து வைத்திருந்ததைக் கடைசியில் சொன்னேன். ஆனால் அந்த அனுமதி, மூளை, பேட்டரி இதெல்லாம் மகள் சொன்னதைக் காதால் கேட்டு எழுதினது. மவுஸ் வெளிச்சம் எரிந்தால் செட்டிங் மறக்காது என்பதும் அவள் சொன்னதுதான், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. அவளிடமே கேட்கலாம், கேட்டால் இதை எழுதினது தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் படித்துப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். திருத்தி எழுதின பிறகுதான் அவளிடம் காட்ட வேண்டும்.